'இன்டீட்' என்னும் சிறு சொல்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழருக்கு நாள்தோறும் மூன்று மொழிகளோடு உறவு. வீட்டில் தமிழ், கடைவீதியிலும் பேருந்திலும் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, அவ்வவ்விடத்து மொழி, அலுவலகத்திலும் வங்கியிலும் வீட்டுக்காரருடன் நடத்தும் கடிதப் போக்குவரத்திலும் ஆங்கிலம். காலை முதல் இரவு வரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றியே நாம் பேசி வருகிறோம். இவ்வாறு மாற்றும்போது நம்மை இடறச் செய்பவை பெருஞ்சொற்கள் அல்ல. கண்டறியாத பெருஞ்சொல் எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டுகிறோம், ஐயம் தீர்ந்துவிடுகிறது. சிறு சொற்களோ அறிந்த முகங்களாகத் தோன்றுவதால் அவற்றை நிறுத்தி விசாரிக்க நமக்குத் தோன்றுவதில்லை. அத்தகைய சொற்களுள் ஒன்று 'இன்டீட்'. அதன் பொருளையும் ஆட்சியையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

'உண்மையாக', 'மெய்யாக', 'திண்ணமாக' என்று அகராதிகள் இதற்குப் பொருள் கூறும். அதில் பிழையில்லை. சொல்லின் பிறப்பும் அதற்கு இடந்தருகிறது. 'இன்' என்பதும் 'டீட்' என்பதும் சேர்ந்து பிறந்தது இச்சொல். 'டீட்' என்றால் செயல். 'செய்' எனப் பொருள்படும் 'டூ' என்னும் வினையோடு ஒரே வேரிலிருந்து தோன்றியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் காணும் 'ஸேல் டீட்', அதாவது கிரயப் பத்திரம், இதே சொல்தான். செய்து முடித்த செயலுக்குச் சான்றாகிய ஏடும் அப்பெயரையே பெற்றது. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'இன் டீட்' என இரு சொற்களாகவே எழுதினர். வெறும் வாய்ச்சொல்லாக நில்லாமல் செயலில் உள்ளது என்பது கருத்து. 1600-ஐ ஒட்டிய காலத்தில் இரண்டும் இணைந்து ஒரே சொல்லாயின. ஆபத்தில் உதவுபவனே நண்பன் என்னும் கருத்துடைய ஆங்கிலப் பழமொழியின் ஈற்றில் இச்சொல் நிற்கிறது. சேர்த்துப் படித்தால் 'மெய்யான நண்பன்' ஆகும். பிரித்துப் படித்தால் 'செயலில் நண்பன்' ஆகும். பழமொழியின் சுவை அவ்விரட்டுறலில் இருக்கிறது. தமிழில் அதனைச் சொல்ல நாம் தனிச்சொல் எதையும் தேடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'உதவுபவனே' என்ற ஓர் ஏகாரம் அவ்வேலையைச் செய்துவிட்டது. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் வலியுறுத்தும் சொற்கள் பலவும் இவ்வாறு மெய்ம்மையைக் குறித்துப் பிறந்தவையே. 'வெரி' என்பது 'மெய்யான' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. இன்று அதில் மெய் என்னும் பொருள் பெரிதும் மறைந்து, 'மிக' என்பதே எஞ்சியிருக்கிறது. 'ட்ரூலி', 'ரியலி' ஆகியவையும் அவ்வழியே தேய்ந்து வருபவை. 'இன்டீட்' அந்த அளவுக்குத் தேய்ந்துவிடவில்லை. ஆயினும் கண்ட இடமெல்லாம் 'உண்மையில்' என்று எழுதிவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் ஒருமுறை அனுபவித்தே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் குடும்ப ஓய்வூதியம் வேண்டித் தமிழில் விண்ணப்பித்திருந்தார். தம் கணவர் குறிப்பிட்ட ஒரு நாளில் பணியில் இருந்தார் என்பது அவருடைய கூற்று. அலுவலகம் ஒன்று ஆங்கிலத்தில் வரைந்த விடை, தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்தது. அவ்விடையின் முற்பகுதி, கணவர் அந்நாளில் 'இன்டீட்' பணியில் இருந்தார் என்று ஒப்புக்கொண்டது. பிற்பகுதி, ஆயினும் சான்றிதழ் ஒன்று இணைக்கப்படவில்லை, அதனை அனுப்புக என்று கேட்டது. நாம் அகராதியின் துணையோடு, "உண்மையில் தங்கள் கணவர் அந்நாளில் பணியில் இருந்தார்" என்று தொடங்கி எழுதி அனுப்பிவிட்டோம். மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. சான்றிதழ் வரவில்லை. "நானும் அதையேதானே எழுதினேன்? நான் ஏதோ பொய் எழுதியது போலவும், உண்மையை நீங்கள் தேடிக் கண்டுபிடித்தது போலவும் எழுதியிருக்கிறீர்களே!" என்று அம்மூதாட்டி கேட்டிருந்தார். வருத்தத்தில் அவர் கடிதத்தின் பிற்பகுதியைக் கருதவே இல்லை. மீண்டும் எழுதி, சான்றிதழ் வந்து, ஓய்வூதியம் தொடங்குவதற்குள் மேலும் ஐந்து மாதங்கள் கழிந்தன. ஆங்கில வரைவில் குற்றமில்லை, குற்றம் நம்முடையது.

அம்மூதாட்டியின் தமிழறிவு நம் அகராதியைவிட நுட்பமானது. 'உண்மையில்' என்பதும் 'உண்மையாகவே' என்பதும் ஒன்றல்ல. "ஊரார் அவரைச் செல்வர் என்கிறார்கள், உண்மையில் அவர் கடனாளி." இங்கே 'உண்மையில்' என்பது ஊரார் சொன்னதை மறுத்து, வேறொன்றை அதன் இடத்தில் வைக்கிறது. "காய்ச்சல் என்று அவன் சொன்னதைச் சாக்கு என்று நினைத்தோம், போய்ப் பார்த்தால் உண்மையாகவே காய்ச்சல்." இங்கே 'உண்மையாகவே' என்பது அவன் சொன்னதை மறுக்கவில்லை; அது சரியே என்று உறுதி செய்கிறது. முன்னது ஆங்கிலத்தில் 'இன் ஃபாக்ட்', 'ஆக்சுவலி' என்பவற்றின் இடம். அந்த இடத்தில் ஆங்கிலேயன் 'இன்டீட்' சொல்லமாட்டான். பிறர் கருத்தை மறுத்து நேர்மாறான ஒன்றை நிறுத்துவது 'இன்டீட்' செய்யும் வேலை அன்று.

இதிலிருந்து பெறப்படுவது யாது? 'இன்டீட்' ஒரு செய்தியைப் புதிதாக அறிவிக்கும் சொல்லன்று. முன்னரே ஒருவர் சொன்னதை, அல்லது நினைத்ததை, அல்லது எதிர்பார்த்ததைக் கையில் எடுத்து, 'ஆம், அஃது அப்படியே' என்று இறுக்கிக் கட்டும் சொல். ஆதலால் மொழிபெயர்ப்பவர் அச்சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முன் யார் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். மூதாட்டிக்கு நாம் எழுதியிருக்க வேண்டியது, "தங்கள் கணவர் அந்நாளில் பணியில் இருந்தார் என்பது மெய்யே, ஆயினும்" என்று. அவர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்ட பின்னரே 'ஆயினும்' வருகிறது. கேட்பவர் மனமும் அதற்கு இடங்கொடுக்கிறது.

இந்த 'ஆயினும்' மிகவும் கவனிக்கத் தக்கது. ஆங்கிலக் கடிதங்களில், சிறப்பாக அலுவலகக் கடிதங்களில், வாக்கியத்தின் நடுவே 'இன்டீட்' வந்தால், அடுத்து ஒரு 'பட்' வருகிறதா என்று தேடுவது நல்லது. "தாங்கள் மார்ச்சு மாத வாடகையை இன்டீட் செலுத்தியுள்ளீர்கள்" என்று வீட்டுக்காரர் எழுதினால், அத்தொடரைப் படித்து மகிழ்ந்து கடிதத்தை மடித்து வைத்துவிடக் கூடாது. அவர் ஒன்றை விட்டுக்கொடுப்பது மற்றொன்றைக் கேட்பதற்காகவே. தண்ணீர் வரியோ, பராமரிப்புக் கட்டணமோ அடுத்த வரியில் காத்திருக்கும். வழக்கறிஞர் அறிவிப்புகளிலும் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் விடைகளிலும் இதே நடையைக் காணலாம். ஒப்புக்கொண்ட பகுதி எது, கேட்கும் பகுதி எது என்று பிரித்தறியாமல் விடை எழுதத் தொடங்குவோர், எதிர்த் தரப்பார் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செய்திக்கே இரண்டு பக்கம் வாதாடிவிடுகிறார்கள்.

இவ்விடத்துத் தமிழ் வழக்கு மிக அழகானது. "வாஸ்தவந்தான், ஆனால்" என்று நம் பெரியோர் தொடங்குவதைக் கேட்டிருப்போம். "அவர் வந்தது என்னவோ மெய்தான், ஆனால் பார்க்க முடியவில்லை" என்றும் சொல்வோம். இந்தி வழங்கும் ஊர்களில் வாழ்வோருக்கு இங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 'வாஸ்தவ் மே' என்று இந்தியில் சொன்னால் அது பெரும்பாலும் 'உண்மையில்' எனப் பொருள்பட்டு, முன் சொன்னதைத் திருத்த வருவது. அதே வடசொல் தமிழில் 'வாஸ்தவந்தான்' என்று ஆனவுடன் முன் சொன்னதை ஏற்றுக்கொள்ள வருகிறது. வேர் ஒன்று, வேலை வேறு. தமிழின் 'வாஸ்தவந்தான்' செய்யும் வேலையை இந்தியில் செய்வது 'தோ' என்னும் ஓரெழுத்துச் சொல். "வஹ் ஆயா தோ தா, லேகின் மிலா நஹீ" என்றால், வந்தார்தான், ஆனால் காண முடியவில்லை என்பதாம். தமிழ்த் 'தான்' என்பதற்கு எங்கும் 'ஹீ' என்று பழகிவிட்ட நம்மவர், 'ஆனால்' பின்தொடரும் இடத்தில் 'தோ' போட மறந்துவிடுவதுண்டு.

'தான்' என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. "அவர் தில்லியில்தான் இருக்கிறார்" என்பதை நம்மவர் ஆங்கிலத்தில் "ஹீ ஈஸ் இன் டெல்லி ஒன்லி" என்று சொல்லிவிடுகிறோம். இந்தி பேசுவோரும் தம் 'ஹீ'யை அப்படியே 'ஒன்லி' ஆக்குகிறார்கள். நாமும் அவர்களும் இவ்வகையில் உடன்பிறந்தார். ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்தவர் காதில் அது, தில்லியில் மட்டும் இருக்கிறார், வேறெங்கும் இல்லை என்று விழும். நம் 'தான்' பிரிப்பதும் உண்டு, உறுதிப்படுத்துவதும் உண்டு. ஆங்கிலத்தில் பிரிப்பதற்கு 'ஒன்லி', உறுதிப்படுத்துவதற்கு 'இன்டீட்'. 'தில்லியிலா இருக்கிறார்?' என்று ஒருவர் ஐயத்தோடு கேட்க, 'ஆம், தில்லியில்தான்' என்று நாம் தெளிவிக்கும் இடத்தில் 'ஒன்லி' பொருந்தாது, 'இன்டீட்' பொருந்தும்.

நிற்க. இச்சொல் வாக்கியத்தின் தலையில் வந்து, முன் சொன்னதினும் ஒரு படி மேலே ஏறுவதும் உண்டு. "வேலை கடினமானது. இன்டீட், அது முடியாத காரியம்" என்பது போல. இதனையும் 'உண்மையில்' என்று தமிழாக்குவோர் பலர். தமிழில் படி ஏறுவதற்கு நமக்குத் தனி வழிகள் உண்டு. "வேலை கடினமானது, ஏன், முடியாத காரியமென்றே சொல்லலாம்." அல்லது, "கடினம் என்பதென்ன, முடியாததே." இந்த 'ஏன்' வினாவன்று. கேட்பவரைத் தோளில் தட்டி, இன்னும் கேள் என்று சொல்வது அது. ஆங்கிலத்தில் 'இன்டீட்' இவ்வாறு வரும்போது, பின்வருவது முன்னதினும் வலியதாகவே இருத்தல் வேண்டும். "அது முடியாத காரியம், ஏன், கொஞ்சம் கடினமுங்கூட" என்றால் தமிழிலும் சிரிப்பார்கள், ஆங்கிலத்திலும் சிரிப்பார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரைகளில் பத்திதோறும் 'இன்டீட்' என்று தொடங்கும் வழக்கம் இக்காரணத்தாலேயே நன்றன்று. ஏறுவதற்குப் படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கினால் இடறத்தான் செய்யும்.

'வெரி' என்பதோடு சேர்ந்து ஈற்றில் வரும் 'இன்டீட்' பிரிட்டிஷ் வழக்கு. அந்நாட்டு ஒலிபரப்பாளர் பேட்டியின் முடிவில், 'தாங்க் யூ வெரி மச் இன்டீட்' என்று விருந்தினருக்கு விடைகொடுப்பதைக் கேட்டிருக்கலாம். அங்கே 'மிக்க நன்றி' என்பதற்கு மேல் தமிழில் எதுவும் வேண்டுவதில்லை. ஆனால் 'வெரி கோல்ட் இன்டீட்' என்று வந்தால் 'மிகவும் குளிர்' என்பது போதாது. சனவரி மாதத்துத் தில்லியில் விடியற்காலையில் பால் வாங்கப் போய் வந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். "குளிரென்றால் குளிர், அப்படிப்பட்ட குளிர்!" என்பார். அதுவே சரியான மொழிபெயர்ப்பு. இவ்வாறே "அவர் வந்தாரா?" என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் 'ஹீ டிட் இன்டீட்' என்னும் விடை வந்தால், தமிழில் "வந்தாரே!" என்றோ, "வந்தார், வந்தார்" என்றோ, "வராமல் இருப்பாரா?" என்றோ இடத்துக்கேற்பச் சொல்லலாம். இவற்றுள் எதிலும் 'உண்மை' என்ற சொல்லே இல்லை.

தமிழில் இப்படி அமைவது தற்செயல் அன்று. வலியுறுத்தும் பணியை ஆங்கிலம் தனிச்சொற்களுக்குக் கொடுத்தது. தமிழ் பெரும்பாலும் இடைச்சொற்களுக்குக் கொடுத்தது. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் கூறுகிறது. நன்னூல் ஆறு கூறுகிறது. இரண்டிலும் தேற்றம் உண்டு. தேற்றமாவது தெளிவு, உறுதிப்பாடு. 'உண்டே', 'அவனே', 'மெய்யே' என்று வரும் தேற்றேகாரம், 'இன்டீட்' என்பதற்கு நேரான தமிழ் என்றால் மிகையன்று. 'மன்ற' என்ற இடைச்சொல்லும் தேற்றப் பொருள் தரும் என்று தொல்காப்பியத்தின் இடையியல் உரைக்கிறது. சங்கச் செய்யுட்களில் வழங்கிய அச்சொல் இன்று நம் வாயில் இல்லை. அது வழக்கில் நின்றிருந்தால் மொழிபெயர்ப்போருக்கு வேலை எளிதாகியிருக்கும். சட்ட வாசகங்களில் 'இஃப் இன்டீட்' என்பது போல் வரும் இடங்களில், 'உண்மையில் வந்தால்' என்று எழுதுவதினும் 'வருவாரேயானால்' என்று எழுதுவது சுருக்கமும் தெளிவும் உடையது. அங்கேயும் பொருளைச் சுமப்பது ஏகாரமே.

இனி, ஒற்றைச் சொல்லாக வரும் 'இன்டீட்' பற்றிச் சொல்ல வேண்டும். இதுவே எல்லாவற்றினும் இடர் மிக்கது. எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் இச்சொல், குரலின் ஏற்ற இறக்கத்தால் ஒப்புதலும் ஆகும், வியப்பும் ஆகும், ஏளனமும் ஆகும், ஐயமும் ஆகும். இக்காலத்தில் கைப்பேசிச் செய்திகளுக்கு 'இன்டீட்' என்று மட்டும் விடை விடுப்போர் பலர். குரல் கேளாத இடத்தில் அது ஒப்புதலா, குத்தலா என்று பெறுபவர் தவிக்கிறார்.

இவ்வொற்றைச் சொல் ஒரு குடும்பத்தையே அழித்ததை ஷேக்ஸ்பியர் காட்டியிருக்கிறார். 'ஒதெல்லோ' நாடகம் 1604-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் இலண்டனில் அரசர் முதலாம் ஜேம்ஸின் அரண்மனையில் நடிக்கப்பெற்றதாகக் குறிப்பு உள்ளது. 1963-இல் வெளிவந்த 'இரத்தத் திலகம்' திரைப்படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அந்நாடகத்தின் காட்சி ஒன்றை நடித்ததை நம்மில் மூத்தோர் நினைவு வைத்திருக்கக்கூடும். நாம் சொல்ல வருவது அதற்கு முந்திய ஒரு கட்டம்; மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. படைத்தலைவன் ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவைக் காதலித்த நாட்களில், அவனுடைய துணையதிகாரி காஸியோ இருவருக்கும் இடையே தூது சென்றவன். இயாகோ ஒன்றும் அறியாதவன் போல், காஸியோவுக்கு அக்காதல் தெரியுமா என்று கேட்கிறான். தெரியும், அவன் பலமுறை தூது வந்தவன் என்கிறான் ஒதெல்லோ. அதற்கு இயாகோ சொல்வது ஒரே சொல்: 'இன்டீட்!'

அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. குற்றம் எதுவும் சாட்டவில்லை. ஒதெல்லோ சொன்னதை மறுக்கவும் இல்லை. முன் சொன்னதைக் கையில் எடுப்பதுதானே இச்சொல்லின் இயல்பு? அவனும் அதை மட்டுமே செய்கிறான். ஆனால் எடுத்ததை இறுக்காமல், கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போன்ற குரலில் சொல்லிவிடுகிறான். ஒதெல்லோவின் மனத்தில் ஐயம் வேர்விடுகிறது. அதே காட்சி முடிவதற்குள் காஸியோவைக் கொல்லும்படி இயாகோவுக்குக் கட்டளை இட்டு, மனைவியையும் கொல்லத் துணிந்துவிடுகிறான் ஒதெல்லோ.

இவ்விடத்தை மேடைக்குத் தமிழாக்குவோர் எச்சொல்லைத் தெரிந்தெடுப்பது? 'மெய்யாகவா?' என்றால், சொன்னதை நம்பவில்லை என்பது வெளிப்படையாகிவிடும். இயாகோ அவ்வளவு எளிதில் அகப்படுபவன் அல்லன். 'ஓகோ!' என்பதில் ஏளனம் மேலே மிதக்கிறது. நமக்குப் பட்டவரையில் 'அப்படியா' என்பதே ஏற்றது. அண்டை வீட்டார் செய்தி சொன்னாலும், ரயில் தாமதம் என்று அறிவித்தாலும், நாம் நினைவின்றிச் சொல்லும் சொல் அது. அதனாலேயே அதற்குள் எதையும் ஒளித்து வைக்கலாம். மூலத்தில் ஒதெல்லோ உடனே அச்சொல்லையே பிடித்துக்கொண்டு இருமுறை திருப்பிச் சொல்கிறான். முதலில் திடுக்கிட்டு, அடுத்து உறுதியாக. ஆங்கிலத்தில் அவனுக்கு அதே சொல்தான் கிடைத்தது; குரலை மட்டுமே மாற்ற முடிந்தது. தமிழில், 'அப்படியாவா?' என்று ஆகாரத்தால் வினவிவிட்டு, 'ஆம், அப்படித்தான்' என்று 'தான்' கொடுத்து முடிக்கலாம். இயாகோவின் 'அப்படியா'வை நடிகர் எக்குரலில் சொல்வது என்பதை எந்த அகராதியும் எழுதித்தர இயலாது. ஒத்திகையில்தான் அது முடிவாக வேண்டும்.